முகாமுக்கு முன்பே செய்தி வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், எங்கள் ஊர் அரிமா சங்கப் புதிய நிர்வாகிகளின் பதவியேற்பு விழா பற்றிய செய்தி படத்துடன் வெளியாகியிருந்தது. தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர், பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர், வரவேற்றவர், வாழ்த்திப் பேசியவர்கள், நன்றி கூறியவர் எனப் பதினேழு பேரின் பெயர்கள் அவரவர் பொறுப்புகளுடன் ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் அதில் இருந்தன. கடைசி வரியில், அடுத்த மாதம் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்துவது என்றும் தீர்மானிக்கப்பட்டதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. முகாம் என்று, எங்கே, எத்தனை மணிக்கு என்ற விவரம் எதுவும் இல்லை. அந்தப் பதினேழு பெயர்களில் பதினாறாவது பெயர் என்னுடையது. ஆகவே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டும் உரிமையும் கடமையும் மற்றவர்களைக் காட்டிலும் எனக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

தவறு தங்கள் நிருபருடையது அன்று. நாங்கள் எழுதிக் கொடுப்பதைத்தான் அவர் சுருக்கி அனுப்புகிறார். இரண்டு முறை சங்கச் செயலாளராக இருந்த நானும் அதே பாணியில்தான் செய்திக் குறிப்பு எழுதியிருக்கிறேன். அரிமா சங்கங்களுக்கும் ரோட்டரி சங்கங்களுக்கும் ஜூலை முதல் தேதி புத்தாண்டு என்பதால், ஜூலை மாதம் முழுவதும் மாவட்டப் பக்கங்களில் மாலையும் பொன்னாடையுமாகவே படங்கள் வருவதை வாசகர்கள் அறிவார்கள். ஒரு முன்னாள் தலைவரின் பெயர் விடுபட்டுவிட்டால் காலை ஆறு மணிக்கே செயலாளரின் தொலைபேசி ஒலிக்கும். முகாமின் தேதி விடுபட்டால் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அந்தத் தேதி யாருக்குத் தேவையோ அவர்களிடம் எங்கள் செயலாளரின் எண் இருப்பதில்லை.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஆச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. இரண்டு கண்களிலும் புரை. வாங்கிய காசின் விளிம்பைப் பெருவிரல் நகத்தால் தடவிப் பார்த்து, இரண்டு ரூபாயா, ஐந்து ரூபாயா என்று தெரிந்துகொள்வார். நோட்டாக இருந்தால், "இது எம்புட்டு நோட்டு தம்பி?" என்று கொடுத்தவரிடமே கேட்பார். முகாமுக்கு இரண்டு நாள் முன்பு பார்சல் வாங்கப் போனபோது, "ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல கண் முகாம் இருக்கு, வாங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு வியாபாரம் அதிகம். காலைக் கடையை முடித்து, பாத்திரம் கழுவி, குளித்து, வெளுத்த சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு அவர் பள்ளி வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. பதிவு அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருந்தது.

மருத்துவர் இரக்கப்பட்டு அவரைப் பார்த்தார். உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய கண் என்றும் சொன்னார். ஆனால் தேர்வானவர்களை அன்றைக்கே பேருந்தில் மதுரைக்கு அழைத்துச் செல்வார்கள் என்பதோ, மாற்றுத் துணி எடுத்து வர வேண்டும் என்பதோ ஆச்சிக்குத் தெரியாது. ஆதார் அட்டை வீட்டில் இருந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று செவிலியர் கேட்டதற்கு, "வெள்ளை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு" என்றார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று தெரியாமல் யாரும் அறுவை சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல முடியாது. "அடுத்த தடவை பார்த்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். அந்த அடுத்த தடவைக்கு ஓர் ஆண்டு ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனும் சங்க உறுப்பினனுமான நான் நான்கு வாக்கியங்கள் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அவர் அன்று மாலையே பேருந்தில் ஏறியிருப்பார்.

பதவியேற்பு விழாக்களில் சிறப்பு விருந்தினர்கள் தவறாமல் சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. சிகாகோவில் காப்பீட்டுத் தொழில் செய்துவந்த மெல்வின் ஜோன்ஸ் 1917-இல் தொடங்கிய அரிமா இயக்கத்தின் மாநாட்டுக்கு, 1925-இல் ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றோருக்காக இருளை எதிர்த்துப் போராடும் வீரர்களாக நீங்கள் ஆக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் பணி எங்கள் இயக்கத்தின் முதற்பணியாயிற்று. கேட்கும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் நம் பகுதியில் அந்தப் பணி உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை மேடையில் யாரும் விளக்குவதில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராகச் சென்று முகாம் நடத்தும் முறையை வளர்த்தெடுத்தது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸும் 1992 முதல் மதுரையிலேயே தயாராகத் தொடங்கியதால் செலவு வெகுவாகக் குறைந்தது. இத்தகைய முகாம்களில் மருத்துவர், கருவி, அறுவை சிகிச்சை எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. இடம் பிடிப்பது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது, ஊர் ஊராகத் தகவல் சொல்லி ஆட்களைத் திரட்டுவது ஆகியவைதாம் உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு. அதாவது, முகாமில் எங்கள் வேலையே பாதிக்கு மேல் தகவல் சொல்வதுதான். அதைக் கடைசி வரியில் ஒதுக்கிவிட்டுப் பொன்னாடை போர்த்தியதை முதல் வரியில் எழுதுகிறோம்.

சமூக ஊடகங்கள் இருக்கும்போது நாளிதழ் எதற்கு என்று எங்கள் இளைய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். எங்கள் சங்க வாட்ஸ்அப் குழுவில் முகாம் பற்றிய வண்ண அழைப்பு பத்து நாட்களாகச் சுற்றி வருகிறது. அதைப் பார்ப்பவர்கள் எல்லோரும் நன்றாகக் கண் தெரிகிறவர்கள். புரை விழுந்த கண்ணுக்கு நாளிதழும் தெரியாதுதான். ஆனால் டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்க நான்கு பேர் கேட்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் போகவில்லை. அப்படிப் படிக்கும்போது தேதியும் நேரமும் கொண்டு வர வேண்டியவையும் காதில் விழுந்தால், கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தாயிடமோ மாமியாரிடமோ சொல்வார். பதினேழு பெயர்களை அவர் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வாரம் ஒரு நாள், வெள்ளி அல்லது சனிக்கிழமை, மாவட்டப் பக்கத்தின் ஒரு மூலையில், வரவிருக்கும் முகாம்களுக்கு மட்டும் ஒரு சிறு பத்தி ஒதுக்குங்கள். படம் வேண்டாம், பெயர்கள் வேண்டாம். எந்தச் சங்கம் நடத்துகிறது என்பதைக் கூடக் கடைசியில் போடலாம். தேதி, இடம், பதிவு தொடங்கும் நேரம், பதிவு முடியும் நேரம், கையில் கொண்டு வர வேண்டியவை, விசாரிக்க ஒரு தொலைபேசி எண் ஆகியவை இல்லாத குறிப்பு வந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். முகாம் முடிந்த பிறகு எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று நாங்கள் அனுப்பும் செய்தியை, முன்னறிவிப்பு அனுப்பிய சங்கங்களுக்கு மட்டுமே வெளியிடுவது என்று தாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டால், எங்கள் செயலாளர்கள் ஒரே மாதத்தில் திருந்திவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

இரத்ததான முகாமுக்கும் இது பொருந்தும். தேசியத் தன்னார்வ இரத்ததான நாளான அக்டோபர் 1 அன்று எங்கள் ஊரிலும் முகாம் உண்டு; 18 வயது நிரம்பி, 45 கிலோ எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர்கள் காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும்.

கண்தானம் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண்தான இருவாரம். அந்த நாட்களில் நாங்கள் உறுதிமொழிப் படிவங்களை வழங்கி, அதையும் படமெடுத்து அனுப்புவோம். படிவத்தில் கையெழுத்திட்டவர் இறக்கும் நேரத்தில் அந்தப் படிவம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும் என்பதையும், அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் வீட்டில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். படிவம் இல்லாவிட்டாலும் குடும்பத்தாரின் சம்மதம் இருந்தால் போதும். கண்ணாடி அணிந்தவர்களும், புரை நீக்கியவர்களும், சர்க்கரை நோயாளிகளும் கொடுக்கலாம். துக்க வீட்டில் அழுதுகொண்டிருப்பவர்களிடம் இவற்றை அப்போது போய் விளக்க முடியாது. அந்த இரு வாரங்களில் ஒரு நாள், படிவம் வழங்கிய படத்துக்குப் பதிலாக இந்த விவரங்களைக் கட்டம் கட்டி வெளியிட்டால், அதை வெட்டிச் சுவரில் ஒட்டி வைக்க நானே வீடு வீடாகப் போவேன்.

எங்கள் கண் முகாம் வரும் ஆகஸ்ட் மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, சென்ற ஆண்டு நடந்த அதே பள்ளியில் நடைபெறுகிறது. பதிவு காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டு மணிக்கு முடியும். ஆதார் அட்டையின் நகல், தற்போது சாப்பிடும் மாத்திரைகள், மருத்துவரின் சீட்டு, இரண்டு செட் மாற்றுத் துணி ஆகியவற்றுடன் வர வேண்டும். தேர்வானவர்களுக்குப் பயணம், உணவு, லென்ஸ், அறுவை சிகிச்சை அனைத்தும் இலவசம். அன்று கடையைத் திறப்பதில்லை என்று ஆச்சி ஒப்புக்கொண்டு, மாத்திரை அட்டைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு இப்போதே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.

இக்கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடநெருக்கடி காரணமாக முழுவதும் போட இயலாவிட்டால், மற்றவற்றை நீக்கிவிட்டு மேலேயுள்ள பத்தியை மட்டும் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சிவகங்கை மாவட்டம்.