சிலிண்டருக்கும் குளிர்ந்த இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்மயிர்களின் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்தை உங்கள் அறிவியல் பக்கத்தில் பார்த்தேன். அருமையான படம். ஆனால் மாதிரியை எப்படி உலர்த்தினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. வேலைக்காலம் முழுக்க அதைத்தான் செய்தேன், அதனால் எழுதுகிறேன்.

இந்த மைக்ராஸ்கோப்புக்குள் வெற்றிடம். ஈரமாக எதையும் வைக்க முடியாது. சும்மா காற்றில் காயவிட்டால், நீர் வற்றும்போது அதன் பரப்பு இழுவிசை செல்லை நசுக்கிவிடும். தனித்தனியாக நிற்க வேண்டிய நுண்மயிர்கள் நனைந்த தூரிகை போல ஒட்டிக்கொள்ளும். இதற்கு 1951இல் வழி காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் ஆண்டர்சன். முதலில் நீர் இருந்த இடத்தில் ஆல்கஹாலைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். அப்புறம் மாதிரியை உலர்த்தும் கருவியின் குளிரவைத்த கலத்துக்குள் வைத்து, அந்த ஆல்கஹாலையும் கழுவி, திரவ கார்பன் டை ஆக்சைடை நிரப்ப வேண்டும். பிறகு சூடேற்றி, 31 டிகிரி செல்சியசையும் ஏறத்தாழ 74 பார் அழுத்தத்தையும் தாண்டவிட்டால் திரவம், வாயு என்ற வேறுபாடே போய்விடும். கலத்தின் கண்ணாடி வழியே பார்த்தால் திரவ மட்டத்தின் கோடு மங்கி, இல்லாமலே போவது தெரியும். மேற்பரப்பே இல்லாதபோது செல்லை இழுக்க எதுவும் இல்லை. அந்தச் சூட்டிலேயே வைத்து வாயுவை மெள்ள வெளியே விட வேண்டும். அவசரப்பட்டால் கலம் குளிர்ந்து மறுபடி திரவம் படியும், மாதிரி பாழ்.

நம் ஊரில் சிக்கலே அந்த 31 டிகிரிதான். மே மாத மதியத்தில் வராந்தாவில் நிற்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமே இருக்காது; அப்புறம் கலத்தில் எதை நிரப்புவது? நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மைக்ராஸ்கோப் அறையில் ஏ.சி. ஓடும், சிலிண்டர் மேற்கு வெயிலில் நிற்கும். கோடையில் ஆராய்ச்சி மாணவர்கள் விடியற்காலையில் மாதிரியோடு வந்து காத்திருப்பார்கள். மாதக்கணக்கில் உழைத்து எடுத்த திசு அது. எனக்கு மனசு கேட்காது.

கோடிக்கணக்கில் செலவழித்து மைக்ராஸ்கோப் வாங்கும் கல்லூரிகள் டெண்டரிலேயே உலர்த்தும் கருவியையும் சேர்க்க வேண்டும். சிலிண்டருக்கு நிழலான, குளிர்ந்த இடமும், வெளியேறும் வாயு அறைக்குள் தேங்காமல் போகக் குழாயும் வேண்டும். அதை இயக்குபவருக்கு முறையான பயிற்சி கொடுங்கள். மைக்ராஸ்கோப் பொருத்த வரும் பொறியாளர் போகிற போக்கில் காட்டிவிட்டுப் போவது பத்தாது.

ஓய்வுபெற்ற ஆய்வகத் தொழில்நுட்பர்,
மதுரை.