ஆங்கிலச் செய்தி எங்கே போனது? சிற்றலை நேயர் மன்றச் செயலாளரின் 2025 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், நேரில் வந்தும் இணையவழி இணைந்தும் இந்தப் பொதுக்குழுவில் அமர்ந்திருக்கும் நேயர் நண்பர்களுக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை மன்றம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மறைந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்திவிட்டோம். செயற்குழு முறைப்படி கூடியது. நடவடிக்கைக் குறிப்பேடு மேசைமேல் இருக்கிறது, வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். பிப்ரவரி 13 உலக வானொலி நாளைக் கொண்டாடினோம். உறுப்பினர்கள் கொண்டுவந்த க்யூஎஸ்எல் அட்டைகளை, அதாவது ஒலிபரப்பைக் கேட்டு எழுதும் நேயருக்கு நிலையம் உறுதிப்படுத்தி அனுப்பும் அட்டைகளை, காட்சிக்கு வைத்தோம். இளையவர்கள் அட்டைகளைவிட அவற்றின் தபால்தலைகளைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள் என்பது என் கணிப்பு.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். இந்த ஆண்டு மன்றத்துக்கு வந்த கடிதங்களிலும் தொலைபேசி அழைப்புகளிலும் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டன: "நான் வழக்கமாகக் கேட்கும் ஆங்கிலச் செய்தியைக் காணோமே, நிலையத்தை மூடிவிட்டார்களா?" வழக்கமான ஆண்டாக இருந்தால் இதற்குப் பதில் சொல்வது எளிது. இந்த ஆண்டு அப்படி இல்லை. மார்ச் மாதத்தில் மூன்று வெவ்வேறு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. நேயரின் காதுக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. நேற்றுவரை செய்தி வந்த இடத்தில் இன்று வெறும் இரைச்சல்.

மார்ச் 9 அன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஐரோப்பாவில் அதே வேலை மார்ச் 30 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட மூன்று வாரங்களில், அமெரிக்காவில் வாழும் நம் உறுப்பினர்களுக்கு ஐரோப்பிய நிலையங்களின் செய்தியறிக்கை ஒரு மணி நேரம் தள்ளி வந்தது. ஒலிபரப்பாளர் எதையும் மாற்றவில்லை, சுவர்க்கடிகாரம்தான் மாறியது. மார்ச் 30க்குப் பிறகு எல்லாம் பழையபடி ஆகும் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினோம்.

இரண்டாவது, அந்த மூன்று வாரங்களுக்கு நடுவிலேயே வந்தது. மார்ச் 14 அன்று அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, மறுநாளே வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஊழியர்களில் பெரும்பாலோர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். 1942 பிப்ரவரியில் தொடங்கிய நிலையம் அது. ஆப்பிரிக்காவை நோக்கிய அதன் ஆங்கிலச் செய்தி நம் உறுப்பினர்கள் பலருக்கும் நன்றாகவே கிடைத்துவந்தது. திடீரென்று செய்தி நின்றது. அலைவரிசைகள் மாறும் பருவ மாற்றத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது வந்த நிசப்தம் என்பதால், அனுபவமுள்ள நேயர்கள் சிலர் இது வேறு ஏதோ என்று உடனே சந்தேகப்பட்டார்கள். மற்றவர்கள் ஏரியல் கம்பியைக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவதுதான் நாம் ஆண்டுக்கு இருமுறை எதிர்பார்ப்பது. மார்ச் 30 அன்று ஏ25 பருவம் தொடங்கியது. புதிய உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலகின் சிற்றலை ஒலிபரப்பாளர்கள் ஆண்டை இரண்டு பருவங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு தொடங்குவது ஏ பருவம், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு தொடங்குவது பி பருவம். எழுத்துக்குப் பின்னால் வருவது ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். எந்த நிலையம் எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் எந்தத் திசை நோக்கி ஒலிபரப்பும் என்பதை, ஒருவர் மேல் ஒருவர் விழாதபடி முன்கூட்டியே பேசி முடிக்க எச்எஃப்சிசி என்ற ஒருங்கிணைப்பு அமைப்பு இருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளில் 12ஆம் பிரிவு இதற்கு வழிவகுக்கிறது. ஆக, அலைவரிசை மாறுவது ஒரு நிலையத்தின் திடீர் விருப்பமன்று. மாதக்கணக்கில் திட்டமிட்டுச் செய்வது. நேயருக்குத்தான் அது திடீரென்று தெரிகிறது.

ஏன் மாற்ற வேண்டும் என்று ஏப்ரல் கூட்டத்தில் ஓர் இளம் உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. "எஃப்எம்காரர்கள் ஆண்டு முழுவதும் ஒரே எண்ணில் இருக்கிறார்களே?" என்றார். பண்பலை நம் கண்ணுக்கெட்டிய தூரம் மட்டும் போகிறது. சிற்றலை வானத்துக்குப் போய், அயனி மண்டலத்தில் வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறது. அந்த மண்டலத்தை உண்டாக்குவது சூரியன். பகலில் அதன் கீழடுக்கு குறைந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். அப்போது 15 அல்லது 17 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால்தான் செய்தி தப்பும். இரவில் நிலைமை தலைகீழ். மேலடுக்கு வலுவிழப்பதால் உயர்ந்த அலைவரிசைகள் வளையாமல் விண்வெளிக்கே போய்விடுகின்றன. 6, 7, 9 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கி வர வேண்டும். கோடையில் பகல் நீளம், குளிர்காலத்தில் இரவு நீளம். ஆகவே ஏ பருவத்தில் 19 மீட்டர் பேண்டில் (15 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) கேட்ட அதே மாலைச் செய்தி பி பருவத்தில் 31 மீட்டருக்கோ (9 மெகாஹெர்ட்ஸ்) 41 மீட்டருக்கோ (7 மெகாஹெர்ட்ஸ்) இடம்பெயர்வது இயல்பு. நண்பர்களே, டயலில் ஓரிடத்தில் காணாவிட்டால் முதலில் ஒரு மீட்டர் பேண்ட் மேலேயும் கீழேயும் தேடுங்கள். பிறகு எனக்குப் போன் செய்யுங்கள்.

இதோடு சூரியனின் பதினோராண்டுச் சுழற்சியும் சேர்ந்துகொள்கிறது. இப்போது நடப்பது 25ஆவது சுழற்சி. அது உச்சக் கட்டத்தை எட்டிவிட்டது என்று 2024 அக்டோபரில் நாசாவும், அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் அறிவித்தன. உச்சத்தில் 16, 13 மீட்டர் பேண்டுகள் உயிர்பெறும். நம் பகல்நேர நேயர்கள் இரண்டு ஆண்டுகளாக அனுபவித்துவரும் தெளிவுக்கு அதுவே காரணம். இதற்கு ஒரு விலையும் உண்டு. பி25 பருவம் அக்டோபர் 26 அன்று தொடங்கி, எல்லோரும் புதிய எண்களைப் பழகி முடிப்பதற்குள், நவம்பர் 11 அன்று சூரியனில் எக்ஸ் வகைப் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. பகல் வெளிச்சத்தில் இருந்த ஐரோப்பா, ஆப்பிரிக்கா பக்கத்தில் சிற்றலை அப்படியே அடங்கியது. "மறுபடியும் மாற்றிவிட்டார்களா?" என்று அன்றைக்கும் கேள்வி வந்தது. இல்லை ஐயா, அன்று மாற்றியது சூரியன்.

இன்னொரு வகைக் காணாமற்போதலையும் பதிவு செய்கிறேன். ஓர் உறுப்பினர் தன் பழைய அலைவரிசையில் செய்திக்குப் பதிலாக ஒரே சீராக ஓர் உறுமல் ஓடிக்கொண்டிருப்பதாகவும், வானொலிப் பெட்டி பழுதாகிவிட்டதாகவும் எழுதினார். பெட்டியில் பழுது இல்லை. அந்த இடத்தில் டிஆர்எம் எனப்படும் டிஜிட்டல் ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. சாதாரண வானொலிக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். அதற்கென்று தனிப் பெட்டியோ கணினியில் மென்பொருளோ வேண்டும். டிஆர்எம் ஒலித்தரம் அருமை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த இரைச்சலுக்குள் பேச்சைத் தேடி உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் பயனில்லை.

இந்தக் குழப்பங்களையெல்லாம் பார்த்த பிறகு, ஆங்கிலச் செய்தி நிற்பதையும் நகர்வதையும் பிரித்துச் சொல்வதே இந்த மன்றத்தின் முதல் வேலை என்று செயற்குழு முடிவு செய்தது. நிற்பவை இருக்கத்தான் செய்கின்றன. பிபிசி உலக சேவை வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியப் பகுதிக்குமான ஆங்கிலச் சிற்றலையை 2001 ஜூலை 1 அன்று நிறுத்தியது. ரேடியோ கனடா இன்டர்நேஷனல் 2012 ஜூனில் சிற்றலையை விட்டது. ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரி 31 அன்று விடைபெற்றது. பணம் சுருங்கும்போது, ஆங்கிலம் கேட்பவர் கையில் இணையம் இருக்கும் என்று மேலிடத்தில் எளிதாக நினைத்துவிடுகிறார்கள் என்பது என் சொந்தக் கருத்து. செயற்குழு மேல் அதைச் சுமத்தவில்லை.

திரும்பி வந்தவையும் உண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் தொடங்கியதும், மார்ச்சில் பிபிசி அந்த நாட்டுக்கும் ரஷ்யாவின் சில பகுதிகளுக்கும் தினமும் நான்கு மணி நேரம் ஆங்கிலச் செய்தியை 15735, 5875 கிலோஹெர்ட்ஸில் தந்தது. மாலைக்கு 15735, இரவு பத்து மணிக்கு மேல் 5875. மேலே சொன்ன பகல் இரவுக் கணக்கு இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது. நியூசிலாந்துப் பொது வானொலியின் பசிபிக் சேவையான ஆர்என்இசட் பசிபிக், தீவு நாடுகளுக்கான சிற்றலையை விடாமல் வைத்திருப்பதோடு ரங்கிட்டாய்க்கி நிலையத்தில் பழைய டிரான்ஸ்மிட்டருக்குப் பதில் புதியதையும் நிறுவியிருக்கிறது. புயல் அடித்து மின்சாரமும் இணையமும் அறுந்த தீவில் பேட்டரி வானொலிதான் செய்தி சொல்லும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நேர அட்டவணைத் தாள் பற்றிச் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. சற்று சூடாகவும் நடந்தது. இதுவரை தாளை உள்ளூர் நேரத்தில் அச்சிட்டு வந்தோம். உறுப்பினர்கள் பல நாடுகளில் பரவிவிட்ட பிறகு அது யாருக்கும் உதவாமல் போனது. ஒருவருக்குக் காலை, இன்னொருவருக்கு நள்ளிரவு. சிலருக்குத் தேதியே வேறு. உலகப் பொது நேரமான யூடிசியில் 0000 மணி திங்கள் என்றால் அமெரிக்காவில் இருப்பவருக்கு அது ஞாயிறு மாலை. எனவே ஏ25 முதல் தாள் முழுவதும் யூடிசி நேரத்தில் வருகிறது. மூத்த உறுப்பினர்கள் சிலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கூட்டிக் கழிக்கும் வயது தாண்டிவிட்டது என்றார்கள். அவர்களுக்காகத் தாளின் ஓரத்தில் ஒரு வெற்றுக் கட்டம் விட்டிருக்கிறோம். அவரவர் ஊர் நேரத்தைப் பென்சிலில் ஒருமுறை எழுதிக்கொண்டால் போதும். பேனாவால் எழுதாதீர்கள், அக்டோபரில் அழிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது மாற்றம் இதைவிட முக்கியமானது. பருவத் தொடக்கத்தில் வெளியாகும் பட்டியல்களை அப்படியே எடுத்துப் போட்டால் தாள் பருமனாக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது. நிலையங்கள் தேவைப்பட்டால் பயன்படுத்தலாம் என்று முன்பதிவு செய்துவைத்து, பிறகு பயன்படுத்தாமலே விட்டுவிடும் எண்கள் பட்டியலில் நிறைய உண்டு. ஆகவே நம் உறுப்பினர் ஒருவராவது காதால் கேட்டு, நிலையத்தின் பெயர் அறிவிப்பை உறுதி செய்த பிறகே ஓர் ஆங்கிலச் செய்தியறிக்கை தாளில் ஏறும். கேட்காதவை தனிப்பக்கத்தில், "காத்திருப்பு" என்ற தலைப்பின் கீழ். பி25 தாள் முந்தையதைவிட மெலிந்ததற்கு இதுவே காரணம். மெலிந்ததைப் பற்றி வந்த புகார்களைவிட, "இருக்கிறது என்று போட்டீர்கள், இல்லையே" என்ற புகார் இந்த முறை வெகுவாகக் குறைந்தது.

சிற்றலையையே விட்டுவிட்டு இணைய ஒலிபரப்பு முகவரிகளைத் தொகுத்துத் தரலாமே என்ற யோசனையும் வந்தது. அந்த முகவரிகள் எல்லோருக்கும் கைப்பேசியில் கிடைக்கின்றன. அதற்கு ஒரு மன்றம் தேவையில்லை என்று பெரும்பான்மையோர் கருதியதால் யோசனை நிறைவேறவில்லை. எடுத்துவைத்தவர் வருத்தப்படாமல் அட்டவணைக் குழுவிலேயே சேர்ந்துகொண்டார் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

கேட்பறிக்கைகள் பற்றி ஒரு வேண்டுகோள். "உங்கள் செய்தி நன்றாக இருக்கிறது, அட்டை அனுப்பவும்" என்று எழுதுவதால் நிலையத்தின் பொறியாளருக்கு எந்தப் பயனும் இல்லை. தேதி, யூடிசி நேரம், அலைவரிசை, கேட்ட செய்தியின் இரண்டு மூன்று தலைப்புகள், பிறகு ஐந்து இலக்க சின்போ. வலிமை, குறுக்கீடு, இரைச்சல், அலைபரவல், மொத்தத் தரம் என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. எல்லாவற்றுக்கும் 55555 போடும் பழக்கத்தை விடுங்கள். 10 கிலோவாட் நிலையம் பாதி உலகம் கடந்து வந்து 55555 ஆக இருக்காது. பொறியாளருக்கும் அது தெரியும். குறுக்கீடு இருந்தால் எந்த நிலையத்தால் என்று எழுதுங்கள். அடுத்த பருவத்துக்கு அலைவரிசை தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் பார்ப்பது அந்த வரியைத்தான்.

வீட்டு இரைச்சலைப் பற்றியும் ஓரிரு வரி. எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர், சூரிய மின் இன்வெர்ட்டர் ஆகியவை சிற்றலைக்குப் பெரும் பகை. நிலையம் போய்விட்டது என்று முடிவு கட்டுமுன், பெட்டியைப் பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். சில உறுப்பினர்களின் "காணாமற்போன" செய்தி இப்படித்தான் திரும்பக் கிடைத்தது. வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு அணைப்பது நல்லது.

அடுத்து வரும் ஏ26 பருவம் 2026 மார்ச் 29 அன்று தொடங்குகிறது. அமெரிக்கக் கடிகாரம் மார்ச் 8 அன்றே மாறிவிடும் என்பதால் அங்குள்ள உறுப்பினர்கள் மீண்டும் மூன்று வாரம் குழம்ப வேண்டியிருக்கும். இம்முறை முன்னறிவிப்புக் கடிதம் பிப்ரவரியிலேயே அனுப்பப்படும். யூடிசி தாளையும் "கேட்ட பிறகே பட்டியல்" என்ற விதியையும் நிரந்தரமாக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக முன்மொழிகிறேன்.

பருவத்தின் முதல் வாரக் கண்காணிப்புக்குப் பெயர் தர விரும்புவோர் இடைவேளைக்குள் துணைச் செயலாளரிடம் பதிவு செய்யவும். யூடிசி 1200 முதல் 1600 வரை போதிய ஆட்கள் இருக்கிறார்கள். 2200க்கு மேல் இதுவரை ஒருவரும் முன்வரவில்லை.

நன்றி.

செயலாளர்