சாவி கேக்குறாங்க மாப்ள

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சி பசங்கல்லாம் சௌக்கியமா, பெங்களூர்ல மழையாமே. இங்க அம்மாவுக்கு முட்டி வலி இப்போ கொஞ்சம் தேவல.

குமாரசாமிப்பேட்டை வீட்டு விஷயமா தான் எழுதுறேன், போன்ல சொன்னா நீ சரி சரின்னு வச்சிடுற. ஞாயித்துக்கிழமை வீட்ட வாங்க அக்ரிமென்ட் போட்ட பார்ட்டி குடும்பத்தோட வந்தாங்க, நான் தான் தொறந்து விட்டேன். அந்தம்மா நேரா கிச்சனுக்கு போயி மேடைய டேப் வச்சு அளந்துச்சு, எல்லா பைப்பையும் தொறந்து பாத்துச்சு, பின் ரூம் செவுத்துல உள்ளங்கைய வச்சு ஓதம் இருக்கான்னு தடவுச்சு, எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு, சேத்து வச்ச காச போடுறவங்க இப்டி தான் பாக்கணும். எத்தன தடவ வேணா வந்து பாக்கட்டும் மாப்ள, பேங்க் வேல்யூவர் வரணும், சர்வேயர் அளக்கணும், கிரயத்துக்கு முந்தின நாள் கடைசியா ஒருவாட்டி சுத்தி பாக்கணும், எல்லாத்துக்கும் நான் கூட நிக்கிறேன்.

கெளம்பும்போது தான் சாவி கேட்டாங்க. லோன் லேட் ஆகுதாம், வைகாசி போச்சுன்னா ஆனி ஆடி தாண்டி ஆவணிக்கு தான் நாளாம், அதனால இப்பவே பால் காய்ச்சிட்டு அப்டியே பெயின்ட், கப்போர்டு வேலைய ஆரம்பிச்சிடுறோம், கிரயம் அப்புறம் பண்ணிக்கலாம்னாங்க. சாமி காரியம்னு வந்துட்டா நமக்கு முடியாதுன்னு வாய் வராது, அதான் எனக்கு பயமா இருக்கு.

அக்ரிமென்ட் போட்டதால மட்டும் வீடு அவங்களுது ஆயிடாது, 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டம் 54வது பிரிவுலயே அது இருக்கு, கிரயப் பத்திரம் பதிவாகுற வரைக்கும் நீ தான் ஓனர். ஆனா சாவிய குடுத்து சுவாதீனம், அதாவது வீட்ட அவங்க கைவசம், விட்டுட்டா நெலமையே மாறிடும். அதே சட்டத்துல 53ஏ பிரிவு, பதிவு பண்ண அக்ரிமென்ட்ட வச்சு உள்ள வந்தவரு மீதிப் பணத்த கட்ட தயாரா இருந்தா அவர நீ வெளிய அனுப்ப முடியாது. நம்ம தமிழ்நாட்ல 2012 டிசம்பர்ல இருந்து கிரய அக்ரிமென்ட்ட பதிவு பண்ணியே ஆகணும், உன்னுதும் பதிவானது தான். சரி, லோன் கெடைக்காம டீல் நின்னு போச்சுன்னு வை, அவங்க காலி பண்ணல, நீ கோவத்துல பூட்ட மாத்துற, உடனே அவங்க 1963 ஸ்பெசிபிக் ரிலீஃப் ஆக்ட் 6வது பிரிவுல ஆறு மாசத்துக்குள்ள கேஸ் போட்டா வீடு யார் பேர்ல இருக்குங்கற பேச்சே இல்லாம சுவாதீனத்த திரும்ப வாங்கிடலாம். அப்புறம் உன் வீட்டுக்கே நீ கோர்ட் வாசல்ல நிக்கணும், பெங்களூர்ல இருந்து வாய்தா வாய்தாவுக்கு வந்துட்டு.

அவங்களுக்கும் இது நல்லதில்ல, அதையும் அவங்ககிட்டயே சொன்னேன். நீங்க கப்போர்டு அடிச்சிட்டு கிரயம் நடக்கலன்னா செவுத்துல அடிச்சத கழட்டிட்டா போவீங்கன்னு கேட்டேன், அந்த மனுஷன் யோசிச்சாரு, நல்லவங்க தான் மாப்ள, அவசரம் அவ்ளோ தான். நல்லவங்களா இருக்காங்கன்னு எழுத்து இல்லாம விட்றாத.

நான் என்ன சொல்றேன்னா, நல்ல நாள் அன்னிக்கு காலைல நான் தொறந்து விடுறேன், பால் காய்ச்சட்டும், சாமி கும்பிடட்டும், மத்தியானம் பூட்டி சாவிய நானே எடுத்துக்கிறேன். சாமான் எதுவும் வைக்கக்கூடாது, ஆள் தங்கக்கூடாது, வேலை ஆரம்பிக்கக்கூடாது. பூஜைக்கு மட்டும் தான் தொறந்தோம், சுவாதீனம் கிரயத்தன்னைக்கு தான்னு ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து போட்டுக்கணும், வாசகத்த உன் வக்கீல்கிட்ட கேட்டு அனுப்பு. அப்புறம் அவசரத்துக்கு இன்னும் கொஞ்சம் அட்வான்ஸ் தரேன்னு ரொக்கமா நீட்டுனா வாங்காத, வீட்டு அட்வான்ஸ் 20,000 ரூபா தொட்டாலே பேங்க் வழியா தான் வாங்கணும், இல்லன்னா வாங்குன தொகை அளவுக்கு அபராதம் போடலாம், அது உன் தலைல தான் விழும்.

வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லு, அவங்க ஐயர்கிட்ட நாள் கேக்கணுமாம். செந்தூரா மாம்பழம் ஒரு பெட்டி வாங்கி வச்சிருக்கேன், நாளைக்கு பஸ்ல போட்டு விடுறேன், பசங்களுக்கு குடு.

உன்
மாப்ள