வெள்ளவத்தையிலிருந்து அம்மாவுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இதைக் கணினியில் தட்டச்சு செய்து தம்பிக்கு அனுப்புகிறேன், அவன் உனக்கு வாசித்துக் காட்டுவான். டேய், நடுநடுவே தாவாதே. உன்னைத் திட்டியிருக்கும் இடத்தையும் சேர்த்தே வாசி.

போன வாரம் நீ உன் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "அவளைத் தனியா வெளியே விடாதீங்க, துணைக்கு ஒரு ஆளைப் போடுங்க, சம்பளத்தை நாங்க தர்றோம்" என்றாயாம். அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. பார்வையில்லாதவள் என்று, அம்பாசமுத்திரத்தில் நம் தெருமுனைக் கடைக்குக்கூட என்னைத் தனியே அனுப்பிப் பழகாதவள் நீ. கடல் தாண்டிய ஊரில் நான் பஸ் ஏறுகிறேன் என்றால் உனக்கு அடிவயிறு கலங்கத்தான் செய்யும். அதனால் எப்படிப் போகிறேன், எப்படி வருகிறேன் என்பதை நானே விவரமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் திசை தப்பவே தப்பாது. மேற்கே கடல், கடலை ஒட்டித் தண்டவாளம், அடுத்து மரைன் டிரைவ், அதற்கும் இந்தப் பக்கம், காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதி. இரண்டு வீதிகளையும் இணைக்கும் ஒரு லேனில்தான் எங்கள் ஃபிளாட். கேட்டைத் திறந்ததும் ஒரு கன்னத்தில் உப்புக்காற்று படும், மறுபக்கம் பஸ் ஹாரன் கேட்கும். ஹாரனை நோக்கி நடந்தால் காலி வீதி. முனைக்குக் கொஞ்சம் முந்தி ஒரு பேக்கரி, மாலுபாண் என்கிற மீன் பன் வாசம் வந்தால் கோலை மெதுவாக்க வேண்டும், அங்கே ஒரு படி இறங்குகிறது. மதுரையில் வேலை பார்த்தபோது இந்த வசதி கிடையாது. கோயிலைச் சுற்றிச் சுற்றி வீதி போகும் ஊரில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்றே தெரியாது.

நடைபாதை பற்றிப் பெருமையாக எழுத ஒன்றுமில்லை. கொழும்பில் சில இடங்களில் வழிகாட்டி ஓடு பதித்திருக்கிறார்கள். நீளக் கோடு காலில் பட்டால் நடக்கலாம், குமிழ் பட்டால் நிற்க வேண்டும். ஜப்பானில் மியாகே என்பவர் 1965-இல் கண்டுபிடித்து, 1967-இல் ஒகயாமா நகரத்தில் முதன்முதலாகப் பதித்த ஓடு அது. நான் நடக்கும் ஓரிடத்தில் அந்தக் கோடு நேராகப் போய் ஒரு கம்பத்தில் முட்டுகிறது. பதித்தவர் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்திருக்கலாம். மற்றபடி லாட்டரிச் சீட்டுத் தட்டு, ஏற்றி நிறுத்திய மோட்டார் சைக்கிள், புடவைக்கடை வாசலில் நிற்கும் பொம்மை. ஒரு பொம்மையிடம் நான் "எக்ஸ்கியூஸ் மீ" சொன்னதைக் கடைப்பையன் இன்னும் மறக்கவில்லை.

ரத்மலானைப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். ஆகவே போகும்போது காலி வீதியைக் கடந்தே ஆக வேண்டும், திரும்பும்போது பஸ் எங்கள் பக்கத்திலேயே இறக்கிவிடும். உனக்குப் பயம் இந்தக் கடக்கும் இடத்தில்தான் என்று தெரியும். இங்கே பாதசாரிக் கடவையில் கோலை நீட்டி நின்றால் வண்டிகள் நிற்கின்றன. நம் ஊரை நினைத்தால் அதிசயம்தான். எல்லா வண்டியும் நிற்கும் என்று சொல்ல மாட்டேன், நின்ற பஸ்ஸின் ஓரமாக ஆட்டோ நுழைந்து வரும். அதனால் முதல் வண்டி நின்ற சத்தம் கேட்டதும் இறங்கிவிட மாட்டேன். இரண்டாவது வரிசையும் அடங்கிய பிறகுதான் காலை வைப்பேன். பெரும்பாலும் அதற்குள் யாராவது வந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். இழுத்தால் எனக்குக் கோல் பிடித்த கை கட்டுப்பட்டுவிடும். உடனே அவர்கள் பிடியைத் தளர்த்தி, என் விரல்களை அவர்கள் முழங்கைக்கு மேலே வைத்துக்கொண்டு, "நீங்க முன்னால நடங்க" என்பேன். அவர்கள் படி இறங்கினால் அந்த முழங்கை இறங்கும், திரும்பினால் திரும்பும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பலருக்கு அந்த ஒரு வினாடியிலேயே புரிந்துவிடுகிறது.

பஸ் ஏறுவது நீ நினைக்கிற மாதிரி இல்லை. 100, 101 இரண்டு பஸ்ஸும் காலி வீதியில் ரத்மலானை வழியாகத்தான் ஓடுகின்றன. பலகையில் நம்பர் பார்க்க வேண்டியதே இல்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "மொரட்டுவ, மொரட்டுவ" என்றும் "பாணந்துற" என்றும் தொண்டை கிழியக் கத்துகிறார். அந்தக் கத்தலை ஊரே சபிக்கிறது, எனக்கு அதுதான் அறிவிப்புப் பலகை. சென்னையில் பஸ் வந்து நிற்கும், எந்த பஸ் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு முடிப்பதற்குள் போயே போய்விடும். இங்கே உள்ள தொல்லை வேறு. கால் முழுதாக ஏறுவதற்குள் வண்டியை எடுத்துவிடுகிறார்கள். முதலில் கம்பியைப் பிடித்துவிட்டுத்தான் கோலை மடக்க வேண்டும்.

ஒரு நாள் கண்டக்டர் என்னை முன் வரிசை ஜன்னலோரத்தில் உட்கார வைத்தார். அது மதகுருமாருக்கு ஒதுக்கிய இருக்கை என்று எனக்குத் தெரியாது. தெஹிவளையில் ஒரு பிக்கு ஏறியதும் பஸ்ஸுக்குள் ஒரு சலசலப்பு. விஷயம் புரிந்து நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன். "இன்ன, இன்ன" என்றார், சிங்களத்தில் இருங்க என்று அர்த்தம். வயதான குரல். நான் இறங்கும்வரை என் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். இறங்கும் இடம் வந்ததும், கண்டக்டருக்கு முந்தி அவரே "ரத்மலான" என்று சொன்னார்.

ரத்மலானைக்கு எதற்குப் போகிறேன் என்று கேட்பாய். பார்வையில்லாத பிள்ளைகள் சிலருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். என்விடிஏ என்று ஒரு மென்பொருள், திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும், காசு கிடையாது. ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத ஒரு இளைஞர் 2006-இல் தொடங்கி, பார்வையில்லாத இன்னொருவரும் சேர்ந்து வளர்த்தது. இந்தக் கடிதமும் அதில் கேட்டுக் கேட்டு எழுதுவதுதான். ரத்மலானையில் 1912-இல் தொடங்கிய காது கேளாதோர், பார்வையற்றோர் பள்ளி இருப்பதால், படித்து முடித்தவர்கள் அந்த வட்டாரத்திலேயே பலர் இருக்கிறார்கள். நம் பாளையங்கோட்டைப் பள்ளியை ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கினார் என்று சொன்னதும், "அப்ப உங்கட பள்ளிக்கூடம் எங்களுக்கு அக்கா" என்றாள் ஒரு பெண். அவள் ஒரு சிங்களப் பிரெயில் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். முதல் வரியில் விரலை ஓட்டினேன், க இருந்தது! நம் தமிழ்ப் பிரெயிலில் வருகிற அதே இரண்டு புள்ளிகள், ஒன்றாவதும் மூன்றாவதும். இந்தியாவில் 1951-இல் எல்லா மொழிகளுக்கும் சேர்த்து வகுத்த பாரதி பிரெயிலைத் தழுவித்தான் சிங்களத்துக்கும் அமைத்திருக்கிறார்களாம். பாதி எழுத்துக்கள் அப்படியே பொருந்துகின்றன, பிறகு வேறு வழியில் போய்விடுகின்றன. பார்வையுள்ள நம் ஊர்க்காரர் ஒருவர் இங்கே கடைப்பலகையில் ஒரு சிங்கள எழுத்தைக்கூட வாசிக்க முடியாது. நான் அர்த்தம் தெரியாமலே கால் பக்கம் வாசித்துவிட்டேன். இதை நீ அத்தையிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மழை பெய்தால் ஆட்டோ. பிக்மி என்று இங்கே ஒரு ஆப். எங்கே போக வேண்டும் என்று போனில் சொன்னால் கட்டணத்தையும் வண்டி நம்பரையும், போன் திரையை வாசிக்கும் டாக்பேக் வாசித்துவிடும். வண்டி வந்ததும் நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தை டிரைவரைச் சொல்லச் சொல்வேன், பொருந்தினால்தான் ஏறுவேன். ஏறியதும் பாதிப் பேர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "மிஸ், கண் தான சங்கத்துக்குப் போய்க் கேட்டீங்களா?" ஹட்சன் சில்வா என்ற டாக்டர் 1961-இல் தொடங்கிய சங்கம் அது. இந்த நாட்டிலிருந்து எத்தனையோ நாடுகளுக்குக் கருவிழி போயிருக்கிறது. அதில் இவர்களுக்குப் பெருமை, நியாயமான பெருமைதான். ஒரு டிரைவர், தானும் மனைவியும் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, "எங்கட ரெண்டு பேர்ல ஆர் முதல்ல போனாலும் ஒண்டு உங்களுக்கு" என்றார். வீடு வந்த பிறகும் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு அவருக்கு விளக்கினேன். என் கருவிழி நன்றாகத்தான் இருக்கிறது, கெட்டுப்போனது பின்னால் இருக்கும் விழித்திரை, அதை யார் தந்தாலும் மாற்ற முடியாது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மீதிக் காசை ஒவ்வொரு நோட்டாகப் பெயர் சொல்லி என் கையில் வைத்தார்.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. வந்த புதிதில் எனக்குப் பெரிய தலைவலி அதுதான். நம் ஊரில் நூறு ரூபாய் நோட்டின் ஓரத்தில் மேடான நான்கு கோடு, ஐந்நூறில் ஐந்து கோடு. நோட்டு புதிதாக இருந்தால் விரலுக்குத் தெரியும். கசங்கிப்போனால் ரிசர்வ் வங்கியின் 'மணி' ஆப் இருந்தது. இங்கே அது உதவாது, அதற்கு இந்திய நோட்டு மட்டுமே தெரியும். இலங்கை நோட்டுகள் எல்லாம் ஒரே உயரம், மதிப்பு கூடக் கூட நீளம் மட்டும் சற்றுக் கூடும். தனியாக ஒரு நோட்டைக் கையில் வாங்கினால் அந்த நீளத்தை எதோடு ஒப்பிடுவது? அதனால் மடிப்பில் வைத்திருக்கிறேன். நூறு மடிக்காமல், ஐந்நூறு குறுக்கே ஒரு மடிப்பு, ஆயிரம் இரண்டு மடிப்பு, ஐயாயிரம் பர்ஸின் உள் அறையில். வீட்டுக்கு வந்ததும் உன் மாப்பிள்ளை ஒருமுறை சரிபார்ப்பார். மடிப்பது நான்தான், அவர் கையால் மடித்தால் எல்லாம் குழம்பிவிடும்.

வங்கியில் கணக்குத் திறக்கப் போனபோது மட்டும் சண்டை. எந்த வங்கி என்று எழுதவில்லை. அங்கிருந்த பெண் என்னைப் பார்த்துப் பேசவே இல்லை. உன் மாப்பிள்ளையிடம், "அவ கைநாட்டு வைக்கட்டும், நீங்க சேர்ந்து கையெழுத்துப் போடுங்கோ" என்றாள். நான் பைக்குள்ளிருந்து நடுவே நீளமாக ஓட்டை வெட்டிய அட்டையை எடுத்து, அதைத் தாளில் வைக்கச் சொல்லி, ஓட்டைக்குள் கையெழுத்துப் போட்டுக் காட்டினேன். பிறகு மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமைச் சாசனத்தில் 12-ஆம் பிரிவு, தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமை பற்றிச் சொல்கிறது. இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்டது, இலங்கை 2016-இல். இதை மேலாளரிடம் சொன்னபோது அவர் எழுதிக்கொண்டார். கணக்கு என் பெயரில் மட்டும் திறந்தாயிற்று. ஏடிஎம் இயந்திரம் பேசாது, அதற்கு இன்னும் உன் மாப்பிள்ளை துணைக்கு வர வேண்டியிருக்கிறது. இதைத்தான் அடுத்தவரைச் சார்ந்திருப்பது என்று நான் சொல்வேன், பஸ்ஸில் வழி கேட்பதை அல்ல.

ரயிலில் மட்டும் தனியே போவதில்லை, அதை உனக்கு உறுதியாகவே சொல்கிறேன். வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே அலை அடிக்கிறது. காற்று பலமாக இருக்கும் நாளில் அந்த இரைச்சலில் ரயில் கிட்டே வரும்வரை காதில் விழாது. கடற்கரைக்குப் போக வேண்டுமானாலும் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். அங்கே அவரோ மாமியோ இல்லாமல் நான் போவதில்லை. என் காது எங்கே உதவும், எங்கே உதவாது என்று எனக்குத் தெரியும், அம்மா.

மாமிக்கு முதலில் என்னை அடுப்புப் பக்கம் விடப் பயம். இப்போது சமையல்கட்டு டப்பாக்களில் நான் பிரெயில் ஒட்டிவிட்டேன், அவரும் ம, சீ என்று சிலவற்றைத் தடவிப் பார்த்துக் கற்றுக்கொண்டார். இடியப்பம் அவர் பிழிந்தால்தான் நன்றாக வருகிறது, சொதி நான் வைப்பேன்.

மார்கழி முடிந்து நீயும் அப்பாவும் வாருங்கள். மதுரையிலிருந்தே விமானம் இருக்கிறது. மாமி மயூரபதி அம்மன் கோயிலுக்கு உன்னை அழைத்துப்போகக் காத்திருக்கிறார்.

தம்பிக்கு: என் கோலின் அடிமுனை தேய்ந்துவிட்டது. உருளும் முனை இரண்டு வாங்கி அம்மா வரும்போது கொடுத்தனுப்பு, கொக்கி மாட்டுகிற வகை, திருகுகிற வகை வேண்டாம். இன்னொன்று, குடும்ப வாட்ஸாப் குழுவில் படமாக அனுப்பித் தள்ளுகிறீர்கள். என் போன் "படம்" என்று மட்டும் சொல்கிறது. சின்னவளின் காதுகுத்துக்கு முப்பது படம் வந்தது, அவள் அழுதாளா, யார் மடியில் உட்கார்ந்தாள், மாமா என்ன சீர் வைத்தார், எதுவும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி எழுது. முப்பதுக்கும் எழுத வேண்டும்.

அன்புடன்,
உன் மகள்