காவலர் மீதான புகாரை எஸ்.பி.யே விசாரிக்கலாமா? உள்துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முதலமைச்சரையும் டி.ஜி.பி.யையும் விட்டுவிட்டு உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. காவல்துறையினர் மீது மக்கள் தரும் புகார்களை விசாரிக்க மாநில அளவில் ஓர் ஆணையம் உண்டு. 2013இல் வந்த தமிழ்நாடு காவல்துறை சீர்திருத்தச் சட்டம் அதற்குத் தலைவராக உங்களைத்தான் வைத்தது. ஸ்டேஷனில் அடிவாங்கி வெளியே வந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

உறுப்பினர்கள் யார் என்று பார்த்தால், டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும். மாவட்ட அளவிலான ஆணையத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். காவல்துறைச் சீர்திருத்தம் கேட்டுத் தொடரப்பட்ட பிரகாஷ் சிங் வழக்கில், 2006இல் உச்ச நீதிமன்றம் கேட்டது இதையல்ல. மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி, மாவட்டத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை ஏற்க வேண்டும் என்றது. நாம் சட்டம் போட்டுக் கணக்குக் காட்டிவிட்டு, நீதிபதியின் நாற்காலியில் அதிகாரியை உட்காரவைத்தோம். ஏட்டு அடித்தார் என்று புகார் கொடுப்பவர், அதே ஏட்டின் எஸ்.பி. முன்னால் போய் நிற்க வேண்டும். யார் போவார்கள்?

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன், ஊரடங்குக் காலம். செல்போன் கடையை நேரம் கடந்து திறந்து வைத்தார்கள் என்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் பிடித்துப் போனார்கள். தரையில் உருண்டு புரண்டதால் ஊமைக்காயம் ஏற்பட்டது என்று எஃப்.ஐ.ஆரில் எழுதினார்கள். மருத்துவர் சான்று கொடுத்தார், நடுவர் (மாஜிஸ்திரேட்) ரிமாண்ட் செய்தார், கிளைச் சிறை வாங்கிக்கொண்டது. சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவரையே ஸ்டேஷனுக்குள் ஒரு காவலர் ஒருமையில் இழிவாகப் பேசினார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு, அந்த ஸ்டேஷனை வருவாய்த்துறையின் பொறுப்பில் விட வேண்டியதாயிற்று. காவல் நிலையத்தைக் காக்கத் தாசில்தார்!

அங்கே சிசிடிவி இருந்தது, ஹார்ட் டிஸ்க்கில் இடமும் இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். நடந்ததைச் சொல்ல முன்வந்தவர் ஒரு பெண் தலைமைக் காவலர். இரவெல்லாம் அடித்ததை நடுவரிடம் சொன்ன அவர், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவே பயந்தார். அவர் பயந்தது குற்றவாளிகளுக்கு அல்ல, கூட வேலை பார்ப்பவர்களுக்கு. தப்பு செய்யும் போலீஸ்காரருக்கு உண்மையான பாதுகாப்பு அந்தப் பயம்தான். அதை அந்தப் பெண் காவலரின் மனதிலிருந்து எடுக்க உங்கள் துறை என்ன செய்தது?

அதே ஆண்டு டிசம்பரில், சிசிடிவி பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்புறமும் சிவகங்கை மாவட்டத் திருப்புவனத்தில் ஒரு காவல் மரணம் நடந்தது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை நகைத் திருட்டுப் புகாருக்காக விசாரித்தவர்கள் சீருடையில்லாத தனிப்படையினர். ஸ்டேஷனில் அடித்தால்தானே ஸ்டேஷன் கேமராவில் விழும்? அவரை அடித்ததை வெளியே கொண்டுவந்தது யாரோ ஒளிந்திருந்து எடுத்த செல்போன் வீடியோ. அந்தத் தனிப்படையை யார் உத்தரவில் அனுப்பினார்கள் என்று நீதிமன்றமே கேட்க வேண்டி வந்தது.

அம்பாசமுத்திரம் பற்றி ஒரு வரி போதும். விசாரணைக்கு வந்தவர்களின் பற்களைப் பிடுங்கியதாக 2023இல் புகாருக்கு ஆளான ஏ.எஸ்.பி.யின் இடைநீக்கம், வழக்கு முடியும் முன்பே, அடுத்த ஆண்டு ஜனவரியில் ரத்தானது.

பழி முழுவதையும் உங்கள் மேல் போடவில்லை. கைதானவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு நிற்கும் படத்தைப் பார்த்துச் சிரித்துப் பகிர்ந்தவர்கள் நாங்கள். சந்தேகப்பட்டவரை உதைத்தால் கைதட்டும் பழக்கம் எங்களுடையது.

ஆனால் சட்டத்தைத் திருத்தும் கோப்பு உங்கள் மேசையில்தான் தொடங்க வேண்டும். ஆணையத்தில் அதிகாரிகளின் இடத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகள் வரட்டும். தன் ஸ்டேஷனைப் பற்றி உண்மை சொல்லும் காவலருக்கு, விரும்பிய ஊரில் பணியும் பாதுகாப்பும் தர அரசாணை போடுங்கள். இதற்கெல்லாம் நாளாகும் என்றால் சரி, 2013 முதல் உங்கள் ஆணையத்துக்கு எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை பேர் மீது நடவடிக்கை எடுத்தீர்கள் என்ற பட்டியலை மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்டத்துக் குடிமகன் ஒருவன்