கொலை மர்மம் காதுக்கு ஒவ்வாததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒலிநூல்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, கொலை மர்ம நாவல்களை மட்டும் காதுக்கு ஒவ்வாதவை என்று ஒதுக்கிவிட்டது. பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்ட முடியாது, தடயம் நழுவிவிடும் என்பது அதில் சொன்ன காரணம். ஃபேண்டஸி உலகத்தில் நடக்கும் கொலை என்றால் பாடு இன்னும் அதிகம். தடயங்களோடு புதுப்புதுப் பெயர்கள், பதவிகள், அந்த உலகத்தின் விதிகள் எல்லாவற்றையும் மனத்தில் தாங்க வேண்டும். சிக்கல் இருப்பது உண்மை. ஆனால் அதைத் தீர்மானிப்பது கதை கட்டப்பட்ட விதம். ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் ‘தி டெயின்டட் கப்’ அதற்கு நல்ல சாட்சி.

2024இல் வெளிவந்து 2025இல் அறிவியல் புனைகதை, ஃபேண்டஸி நூல்களுக்கான ஹியூகோ விருது பெற்ற நாவல் அது. மழைக்காலம்தோறும் கடலிலிருந்து ராட்சத உயிர்கள் கரையேறும் ஒரு பேரரசு; அவற்றைத் தடுக்கப் பெருஞ்சுவர்கள். அந்தச் சுவர்களோடு தொடர்புடைய பொறியியல் படை அதிகாரி ஒருவர் பணக்காரக் குடும்பத்து மாளிகையில் இறந்து கிடக்கிறார். அவர் உடலைக் கிழித்துக்கொண்டு உள்ளிருந்து மரம் முளைத்திருக்கிறது. துப்பறியும் ஆனா டொலாப்ரா பெரும்பாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே இருப்பவர். கொலை நடந்த இடத்துக்குப் போவது அவருடைய உதவியாளர் டின். பார்த்ததும் கேட்டதும் மறக்காதபடி மாற்றப்பட்டவன் அவன். சிறு குப்பிகளின் வாசனையை முகர்ந்து நினைவுகளைப் பதித்துக்கொள்கிறான், திரும்ப முகர்ந்து மீட்கிறான்.

ஒலிக்கு ஏற்ற நுட்பம் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. டின் பார்க்கும்போது தடயம் ஒருமுறை நம் காதில் விழுகிறது. அவன் ஆனாவிடம் வாயால் ஒப்பிக்கும்போது அது மறுபடி வருகிறது. அவர் குறுக்குக் கேள்வி போடும்போது எது முக்கியம் என்ற கோடும் விழுகிறது. நாமும் ஆனாவைப் போலவே கண்ணால் பார்க்காமல் கேட்டு மட்டுமே யோசிக்கிறோம். 1934 முதல் ரெக்ஸ் ஸ்டவுட் எழுதிவந்த நீரோ உல்ஃப் கதைகளிலும் இதே அமைப்பு உண்டு: வீட்டை விட்டு அசையாத துப்பறிவாளர், வெளியே சென்று வந்து சொல்லுக்குச் சொல் ஒப்பிக்கும் உதவியாளர். மாறாக, வரைபடத்திலோ கடிதத்தின் எழுத்துப் பிழையிலோ முக்கியத் தடயத்தை ஒளித்துவைக்கும் நாவலை எத்தனை நல்ல குரல் வாசித்தாலும் காப்பாற்ற முடியாது.

கட்டுரை தொடாத ஒன்று, குரலே கொலையாளியைக் காட்டிக்கொடுத்துவிடும் ஆபத்து. இந்த நாவலை ஆண்ட்ரூ ஃபல்லேஸ் ஒருவரே வாசிக்கிறார். ஒற்றைக் குரல் வாசிப்பில், இரண்டு வரி மட்டும் பேசும் வேலைக்காரருக்குத் தனிக் குரல் கொடுத்தால் ‘இவர் திரும்ப வருவார்’ என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அடையாளம் தெரியாத ஒருவர் இருட்டில் பேசும் காட்சி இன்னும் மோசம். அச்சில் பெயரை மறைக்கலாம், குரலை எப்படி மறைப்பது? கிசுகிசுப்பாக வாசிப்பதே வழி, கிசுகிசுப்பில் சுருதி தெரியாது. இதற்கெல்லாம் வாசிப்பவர் முழு நாவலையும் முன்பே படித்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் குரலையும் அரை நிமிட மாதிரியாகப் பதிந்து வைத்துக்கொள்வதும் அவசியம். இல்லாவிட்டால் சில வாரம் கழித்துப் பிழைதிருத்தப் பதிவுக்கு உட்காரும்போது அதே ஆள் வேறு ஆளாகப் பேசுவார். மர்மக் கதையில் அதுவே பொய்த் தடயமாகிவிடும்.

திகில் காட்சிகளில் தவறு நேர்வது பெரும்பாலும் ஒலித்தொகுப்பில். ஒலிநூல்களை விற்கும் ஆடிபிளுக்கு நூல்களை அனுப்பும் ஏசிஎக்ஸ் தளத்தின் விதிப்படி ஒவ்வொரு கோப்பின் சராசரி ஒலியளவும் மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் (பதிவு தாங்கும் உச்ச ஒலி பூஜ்யம், அதற்குக் கீழே எல்லாம் மைனஸ்). உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டக் கூடாது. பின்னணி இரைச்சல் மைனஸ் 60க்கு மேலே போகக் கூடாது. அலறலுக்கும் முணுமுணுப்புக்கும் நடுவே விளையாட இடம் குறைவு. அதனால் கைதேர்ந்தவர்கள் சத்தத்தைக் கூட்டாமல் மைக்கை நெருங்கி, மூச்சைக் குறைத்து, இடைவெளி விட்டு அச்சத்தை உண்டாக்குகிறார்கள். இரைச்சலை அறுக்க, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள ஒலியை அடைத்துவிடும் ‘நாய்ஸ் கேட்’ கருவியைத் தாராளமாகப் போட்டால் அந்த இடைவெளி முழுச் சூன்யமாகிவிடும். கேட்பவர் பயப்படுவதற்குப் பதில் போன் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்ப்பார். பதிவறையின் வெற்று ஒலியைத் தனியாகப் பதிந்து அங்கே இட்டு நிரப்புவதே முறை.

கேட்பவர்களும் இதைக் கெடுக்கலாம். சில செயலிகளில் மௌனத்தைத் தானாகச் சுருக்கும் வசதி உண்டு. திகில் நூலுக்கு அதை முதலில் அணைத்துவிட வேண்டும். விசாரணைப் பகுதிகளை 1.25 வேகத்தில் தாராளமாகக் கேட்கலாம், 1.5க்குப் போனால் புதுப் பெயர்கள் குழம்பும். பெயர்ப் பட்டியலோ சாட்சியின் வாக்குமூலமோ வரும் இடத்தில் புக்மார்க் போட்டு இரண்டு சொல் குறித்துக்கொண்டால், கட்டுரையாளர் ஏங்கும் ‘பின்னால் புரட்டுவது’ அதுதான். அச்சு நூலோடு ஒப்பிடும்போது கவனம் தேவை: செயலி காட்டும் முதல் அத்தியாயம் பல நேரம் நூலின் பெயரையும் வாசிப்பவர் பெயரையும் சொல்லும் வெறும் முன்னறிவிப்பாக இருக்கும், எண் ஒன்று தள்ளிப்போகும். தூங்கப்போகும்போது டைமரை நிமிடக் கணக்கில் வைக்காமல் அத்தியாய முடிவில் வைப்பது நல்லது. இந்த நாவலை அந்த நேரத்தில் கேட்கலாமா என்பது வேறு விஷயம்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. இனி ஒலிநூல் மதிப்புரை வெளியிடும்போது வாசித்தவர் பெயர், மொத்த நேரம், ஒற்றைக் குரலா பல குரலா என்ற விவரம், முக்கியப் பாத்திரங்களின் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றை ஒரு சிறு பெட்டியில் தாருங்கள். காதால் மட்டுமே கேட்ட பெயரை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இணையத்தில் தேடினால், முதல் விடையிலேயே கொலையாளி யாரென்று கண்ணில் பட்டுவிடுகிறது.

இப்படிக்கு,
ஒலிநூல் வாசகர் ஒருவர்