சத்தம் போடாதவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே, உறவுகளே,

என் முதல் தனி ஆல்பம் வெளிவந்துவிட்டது. பத்துப் பாட்டு. பாதி நாட்டுப்புறம், மீதி அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையான ப்ளூஸ். ஸ்டூடியோவுக்குப் போகாமல் பெரம்பூரில் எங்கள் மாடி அறையிலேயே பதிவு செய்தோம். அதனால் நன்றியில் பெரும்பங்கு சத்தம் போடாமல் இருந்தவர்களுக்குத்தான்.

தொட்டி காலியான பிறகும் நாங்கள் கையசைக்கும்வரை கீழ்வீட்டு அக்கா மோட்டார் போடவில்லை. எதிர்வீட்டுத் தாத்தா சீரியல் சத்தத்தைக் குறைத்தார். அவருக்குக் காது மந்தம் என்பது தெருவுக்கே தெரியும். அம்மா குக்கர் வைப்பதை நிறுத்திச் சோற்றை வடித்தார். ஒலிப்பதிவு செய்த தம்பி, மே மாத வெக்கையில் ஃபேனை அணைத்து, ஜன்னலில் போர்வை கட்டி, வியர்வையில் என் விரல் வழுக்கும்போதெல்லாம் துண்டை நீட்டினான். மூன்றாவது பாட்டின் நடுவே ஒரு கூட்ஸ் வண்டி ஹாரன் அடித்தது. மறுபடி பாடட்டுமா என்றேன். "இருக்கட்டும்ணே, சுருதியிலதான் இருக்கு" என்றான். இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

வீட்டிலேயே பதியலாம் என்ற துணிச்சலைத் தந்தவர் எலிசபெத் காட்டன் பாட்டி. கிட்டார் வாசித்துப் பாடியவர், அமெரிக்காவில் வட கரோலினாவின் கார்பரோக்காரர். சிறுமியாக வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் 3.75 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கினார். இடக்கைப் பழக்கம். கம்பிகளை மாற்றிக் கட்டாமல் கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து, விரல்களால் பேஸ் என்ற கனத்த சுரங்களும் கட்டைவிரலால் மெட்டும் வாசித்தார். கல்யாணம், சர்ச் என்றானபின் பல பத்தாண்டுகள் கிட்டாரை விட்டே விலகியிருந்தார். பின்னாளில் வாஷிங்டனில் இசைக்காரர்களான சீகர் குடும்பத்தில் வேலை பார்த்தபோது, அந்த வீட்டுக் கிட்டாரில்தான் கை திரும்பியது. அந்த வீட்டுப் பிள்ளை மைக் சீகர் டேப் ரெக்கார்டரோடு பாட்டியின் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்தார். ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1958-இல் வெளியிட்ட அதுதான் பாட்டியின் முதல் ஆல்பம். அப்போது வயது 60-ஐத் தாண்டியிருந்தது.

நானும் இடக்கைதான். "அந்தம்மா மாத்திக் கட்டலை, உனக்கு மட்டும் என்னடா?" என்று சொல்லி அந்தப் பாட்டுகளைக் கேட்கக் கொடுத்த என் கிட்டார் வாத்தியாருக்கு நேரில் நன்றி சொன்னால் திட்டு விழும். ஆகவே இங்கே.

அத்தைக்கு. வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்று மொட்டைமாடிக்கு ஏறி வந்து, முழங்கால் வலியோடு உட்கார்ந்து பாடினார். ஒப்பாரியும் ப்ளூஸும் ஒன்றுதான் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். எனக்கு அதில் சம்மதமில்லை. ப்ளூஸ் பாடுகிறவர் தன் கதையைச் சொல்லி நடுவே சிரித்தும் கொள்வார், அத்தையோ செத்தவரையே எதிரில் நிறுத்தி, "என்னை யாரை நம்பி விட்டுட்டுப் போனே?" என்று கேட்கிறார். அதற்கு அடியில் கிட்டார் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாட்டில் மட்டும் கிட்டாரே கிடையாது.

அட்டை வரைந்த தங்கைக்கும், பாட்டைக் கேட்காமலே முன்பணம் அனுப்பியவர்களுக்கும் நன்றி. சிடிகள் அடுத்த வாரம் கூரியரில் கிளம்பும். வீடு மாறியவர்கள் புது முகவரியை உடனே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாடிவீட்டுக் கிட்டார்க்காரன்